மருந்தய்யா அவித்த கிளச் பிளேட்டு

என் மகன் புதிதாக வாங்கியிருக்கும் காரில் கிளச் மிதி கிடையாது. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "அம்மா, இது ஆட்டோ கியர். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று எனக்கு விளக்கம் சொல்கிறான். எங்கள் காலத்தில் ஏதா? என் வயதுக்காரர்களே, நீங்களாவது நம்புங்கள். அந்த ஆட்டோ கியரின் குடலை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுவதும் அது எங்கள் குசினி மேசையில்தான் பிரித்துக் கிடந்தது. அது மேசையில் இருந்ததால் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வெள்ளைக்காரத் துரை பெட்டி கட்டினார். பங்களாவில் இருந்த பியானோவும் மான் தலையும் ரோசாத் தொட்டிகளும் யார் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தன. எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது. சும்மாதான் கொடுத்தார். துரைசானியின் நாய் கம்பி வேலியில் வயிற்றைக் கிழித்துக்கொண்டபோது அப்பா தையல் போட்டுக் காப்பாற்றியிருந்தார், அதற்கான நன்றி இது என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். மேடு ஏறாத காரை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்று துரை யோசித்திருப்பார் என்பது அம்மாவின் கருத்து. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார்.

"பல்லு இருந்தாத்தானே பிடிச்சுப் பாக்குறதுக்கு" என்றாள் அம்மா.

அப்பா தோட்டத்து மருந்தய்யா. ஆஸ்பத்திரி என்று பலகை மாட்டிய இரண்டறைக் கட்டடத்தில் மருந்து கலந்து கொடுப்பார், காயம் கட்டுவார், ஊசி போடுவார். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து ஸ்டாப், அதாவது தோட்டத்து உத்தியோகத்தர், ஆனவர். அந்த 'ஸ்டாப்' என்ற சொல்லை அவர் சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நீளும். அம்மாவும் லயத்துப் பெண்தான். கல்யாணத்துக்கு முதல்நாள் வரைக்கும் கொழுந்து பறித்தவள். அவளுக்குக் கழுத்து நீளவில்லை.

கார் சாம்பல் நிறம். உள்ளே தோல் இருக்கையும் நாய் நாற்றமும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி, அதற்கு மேலே ஒரு வரிசையாக இங்கிலீஷ் எழுத்துகள். எழுத்தைக் காட்டினால் கார் அதன்படி போகுமாம். சமதரையில் போகத்தான் செய்தது. நம் மலையில் சமதரை எங்கே இருக்கிறது? காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தை விட்டால் எல்லாம் மேடு, இல்லாவிட்டால் பள்ளம். மேட்டைக் கண்டதும் எஞ்சின் கத்தும், கார் நிற்கும். கோயில் திருவிழாவில் தவில்காரர் மட்டும் ஊர்வலம் போய்ச் சாமி நகராமல் நின்றமாதிரி.

கினிகத்தேனையிலிருந்து ஒரு கராஜ் பாஸை, மெக்கானிக்கை, கூட்டிவந்து காட்டினார் அப்பா. அவர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, தேநீர் குடித்து, இரும்பு விலைக்கு விற்றுவிடுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அடுத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷின்களைக் கவனிக்கிற பிட்டரைக் கூப்பிட்டார்.

"ஐயா, தேயில ரோலர்னா சொல்லுங்க, கழட்டிப் பூட்டித் தாரேன். இது வெள்ளக்காரன் வயிறு. நானும் பாத்ததில்ல, நீங்களும் தொடாதீங்க" என்றார் பிட்டர்.

"வயிறுன்னா அது என் வேல" என்றார் அப்பா.

இப்படித்தான் ஆரம்பித்தது. சவுக்கு மரக் கம்பு மூன்றைக் கட்டி நிறுத்தி, ஸ்டோரிலிருந்து சங்கிலிக் கப்பியை இரவல் வாங்கி, பிட்டரும் அவருமாக அந்தக் கியர் பெட்டியை இறக்கினார்கள். நேரே குசினி மேசைக்கு வந்தது. மேசையில் ஆஸ்பத்திரி வெள்ளைத் துணி விரித்திருந்தது. அப்பா கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த எண்ணெயை ஒரு சீசாவில் பிடித்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, மோந்து பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்திருந்தது.

"கருகின வாடை. உள்ளுக்குப் புண்ணு" என்று தீர்ப்புச் சொன்னார்.

"நடு வீட்டுல பொணத்தக் கெடத்துன மாதிரி கெடத்திட்டு, புண்ணாம்ல புண்ணு" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

புண் எது என்பதை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் இரும்புக் கிண்ணம் போல ஒன்று. அதற்குள் தோசைக் கல்லைவிடச் சிறிய வட்டத் தட்டுகள், நடுவில் ஓட்டையோடு, அடுக்கடுக்காக இருந்தன. ஒன்று வெறும் இரும்பு. அடுத்ததில் இரண்டு பக்கமும் தடித்த காகிதம் போல ஒன்று ஒட்டியிருக்கும். மறுபடி வெறும் இரும்பு. எண்ணெய் வந்து அழுத்தும்போது அடுக்கு முழுவதும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால்தான் எஞ்சினின் சுற்று சக்கரத்துக்குப் போகும். எங்கள் காரில் காகிதம் கருகித் தேய்ந்து, தட்டுகள் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருந்தன. இப்படிக் கிண்ணம் இரண்டு. முன்னால் போவதற்கு ஒன்று, பின்னால் போவதற்கு ஒன்று. பின்னால் போகிற கிண்ணத்தில் நோய் இல்லை என்று அப்பா அதைத் திறக்காமலே விட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

கழற்றிய சாமான் எது எங்கே போகும் என்று மறந்துபோகாமல் இருக்க, மருந்துச் சீசாவில் ஒட்டுகிற துண்டுகளை ஒட்டி அதில் எழுதினார். அந்தத் துண்டுகளில் ஏற்கெனவே அச்சடித்த எழுத்து இருக்கும். ஆகவே எங்கள் குசினியில் ஒரு பல் சக்கரத்துக்கு 'குலுக்கிக் குடிக்கவும்' என்றும், பெட்டியின் மூடிக்கு 'வெளியே பூசுவதற்கு மட்டும்' என்றும் இருந்தது. கிண்ணத்தை அடைத்திருந்த சுருள் கம்பியை அவர் இடுக்கியால் எடுத்தபோது அது துள்ளிப் பறந்து பிள்ளையார் படத்துக் கண்ணாடியில் அடித்தது. அம்மா கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, பிள்ளையாரை மட்டும் மறுபடி மாட்டினாள்.

அம்மாவின் கோபம் எல்லாம் மேசைக்காகவும் கண்ணாடிக்காகவும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு அவ்வளவுதான் புரியும். பெரியவர்கள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினால் பாத்திரத்தின்மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொள்வோம்.

விஷயம் பெரியம்மா. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். தாய் தகப்பன் முன்னமே போய்விட்டார்கள். பெரியம்மா பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்து, நிறுத்துப் போட்டு, கூடையோடு நேரே எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வருவாள். படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே அம்மாவிடம் பேசுவாள். அம்மா பால் ஊற்றாத சாயத் தண்ணியும் சீனித் துண்டும் கொடுப்பாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில்தான் அம்மா சிரிப்பாள். பெரியம்மாவின் மகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாங்கள் இருவரும் காருக்குள் ஏறி உட்கார்ந்து இங்கிலீஷ் எழுத்துகளை மாற்றி மாற்றிக் காட்டி எங்கெல்லாமோ போய்வருவோம்.

இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அந்த வருஷம்தான் லயம் லயமாக ஆட்களுக்கு இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் வந்துகொண்டிருந்தது. பெரியப்பா இழுப்பு நோய்க்காரர். குளிர் ஆகாது, வேலையும் சரியாகச் செய்ய முடியாது. போகிறோம் என்று அவர் எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தார். அவர்களுக்குத் தேதி வந்துவிட்டது. ஹட்டனில் ரயில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும்.

அன்றைக்குச் சாயந்தரம் அம்மா பின்வாசலிலிருந்து நேரே கார்க் கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அப்பா காருக்கு அடியில் படுத்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"அக்காவுக்குத் தேதி வந்திருச்சுங்க" என்றாள் அம்மா.

"ம்."

"நாம என்ன செய்யப் போறோம்?"

சுரண்டும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

"நாம எங்கயும் போகல. இங்கயே இருக்கோம்னு போன மாசமே எழுதிக் குடுத்துட்டேன். நாம ஸ்டாப். நமக்கு இங்கதான் மரியாத. இந்தா, அந்தப் பெரிய ஸ்பேனர எடு."

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா குடும்பம் லொறியில ஆடு மாடு மாதிரிப் போக வேணாம். சகலைக்குக் காத்து ஆகாது. நானே நம்ம கார்ல ஸ்டேசன்ல கொண்டுபோயி விடுறேன். சொல்லிரு" என்றது அடியிலிருந்து குரல்.

இப்போது எனக்கு அப்பாவின் அன்றைய வயதைவிடக் கூடுதல் வயது. அந்த மனுஷன் என்ன செய்தார் என்று தெரிகிறது. மனைவியிடமிருந்து அவளுடைய அக்காவைப் பிரித்துவிட்டு, பதிலுக்கு ஒரு கார்ச் சவாரி கொடுத்துச் சரிக்கட்டப் பார்த்தார். அதனால்தான் அந்தப் பெட்டி அவருக்கு உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி நேரம் முடிந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் மேசைக்கு வருவார். அம்மா சாப்பாட்டை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். ஆறிப்போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டும் போவாள். ஏதாவது பேச வேண்டியிருந்தால், "இங்க பாரு, இந்தக் கிண்ணத்துக்குள்ள..." என்று அவர் தொடங்குவார். அவள் நகர்ந்துவிடுவாள்.

புதுத் தட்டுகள் கொழும்பில் பழைய சாமான் கடைகளில் தேடி, யாரோ லொறிக்காரர் மூலம் வந்து சேர்ந்தன. மெழுகுக் காகிதத்தில் சுற்றி, அழகாக இருந்தன. சிவப்பு எண்ணெயில் இரவு முழுக்க ஊறப்போட்டு, பிறகு அடுக்க வேண்டும். இது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்த மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

ஆனால் அவர் மருந்தய்யா. எந்த நோய்க்கும் மூலம் அழுக்கு என்று படித்தவர். அவர் கைக்கு வருகிற கத்திரிக்கோல், ஊசி, இடுக்கி எல்லாம் முதலில் கொதிக்கிற தண்ணீருக்குள் போய்த்தான் வெளியே வரும். அதற்கென்று ஆஸ்பத்திரியில் மூடியோடு ஒரு நீளமான பித்தளைப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் அடுப்பில் ஏற்றினார்.

"என்னங்க செய்யுறீங்க?" என்றாள் அம்மா.

"எத்தன கை தொட்டுச்சோ, எத்தன கடையில கெடந்துச்சோ. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இருக்கும்."

"காருக்குக் காய்ச்சலா வரப்போகுது?"

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

அவித்தார். நீங்கள் படித்தது சரிதான். காகிதம் ஒட்டிய தட்டுகளை, முட்டை அவிப்பதுபோல, கொதிக்கக் கொதிக்க அவித்தார். உலகத்தில் எந்த ஊர் கராஜிலும், எந்தக் குடிகார மெக்கானிக்கும் செய்திருக்க மாட்டான். பள்ளிக்கூடம் போய், சுத்தம் சுகாதாரம் படித்து, பரிசு வாங்கிய ஒருவர்தான் இதைச் செய்ய முடியும். வெளியே எடுத்தபோது தட்டுகள், நாள் முழுக்கத் துணி துவைத்த விரல்போல ஊதிச் சுருங்கியிருந்தன. அப்பாவின் முகம் ஒரு நிமிஷம் மாறியது. உடனே சரிசெய்துகொண்டார்.

"ஈரம். காஞ்சா எறங்கிரும்" என்றார்.

காய்வதற்கு அடுப்பு மேட்டில் பரப்பினார். நேராக வருவதற்கு, மேலே அம்மாவின் அம்மிக் கல்லைத் தூக்கி வைத்தார். சம்பல் அரைக்க வந்த அம்மா, அம்மியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பக்கத்து வீட்டு அம்மிக்குப் போனாள். தட்டுகள் காய்ந்து, பார்வைக்கு ஓரளவு நேராகத்தான் வந்தன. என்னைக் குழந்தையில் குளிப்பாட்டிய எனாமல் பேசினில் சிவப்பு எண்ணெயை ஊற்றி ஊறப்போட்டார். அந்த பேசினை அதற்குப் பிறகு யாரும் எதற்கும் தொடவில்லை.

பூட்டி முடித்து, பெரட்டுக் களத்தில் ஓட்டிக் காட்டினார். கார் ஓடியது! களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. லயத்துப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பிட்டர் தொப்பியைக் கழற்றினார். அப்பா ஜன்னல் வழியாக ஒரு கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, போன துரை மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார். மேட்டில் ஒருதரம் ஏற்றிப் பாருங்கள் என்று பிட்டர் சொன்னார். புதுத் தையலை உடனே இழுத்துப் பார்க்கலாமா என்று அப்பா மறுத்துவிட்டார்.

பெரியம்மா போகிற நாள் விடிந்தது. தோட்டத்து லொறி வந்து, மற்றக் குடும்பங்களையும் தகரப் பெட்டிகளையும், பெரியம்மாவின் பெட்டியையும் ஏற்றிக்கொண்டது. "கடைசியா கேக்குறேன், ஏறிக்கிறீங்களா?" என்று டிரைவர் பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். லொறி போய்விட்டது. இனி அவர்களுக்குக் கார்தான். கோச்சி போனால் கப்பலும் போய்விடும். பிறகு அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது? காலி செய்த லயக் காம்பராவை அன்றைக்கே வேறு ஆளுக்கு எழுதியாகிவிட்டது.

பெரியப்பா முன்னால் ஏறினார். அம்மா, பெரியம்மா, அக்கா, நான் எல்லோரும் பின்னால். கிளம்பும்போது பெரியப்பா சொன்னார்: "யாரும் திரும்பிப் பாக்கக்கூடாது. பொறப்பட்ட பெறகு திரும்பிப் பாத்தா போற எடத்துல கால் ஊணாது." பெரியம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, நேரே காருக்கு முன்னாலேயே பார்த்தாள்.

ஸ்டோரைத் தாண்டி முதல் மேடு. எங்கள் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. ஹட்டனுக்குப் போக ஒரு மலையை ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். பாதி மேட்டில் எஞ்சின் கத்தத் தொடங்கியது. கார் மெதுவாகி, நின்றது. அப்பா மிதித்தார். சத்தம்தான் கூடியது. காகிதம் கருகும் நாற்றம் உள்ளே வந்தது, அதோடு பசை உருகும் நாற்றமும். பெரியப்பா இருமினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். கோச்சி போய்விட்டால் அவள் இங்கேயே இருக்கலாம் என்று நான் சிரித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"கோச்சியப் பிடிச்சிருவோமா தம்பி?" என்று பெரியம்மா கேட்டாள்.

அப்பா எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தார். எதுவும் இல்லை. கடைசியில் பின்னால் போகிற எழுத்தைக் காட்டினார். கார் சட்டென்று, ஒரு வழுக்கலும் இல்லாமல், பின்னால் பாய்ந்தது. அவர் திறக்காத கிண்ணம். அவிக்காத தட்டு.

அப்பாவின் முகத்தில் ஏதோ ஓடியது. காரைப் பெரட்டுக் களம் வரை பின்னாலேயே உருளவிட்டார். அங்கே வளைத்து, முகத்தைத் தோட்டத்துப் பக்கமும் பின்பக்கத்தை மேட்டுப் பக்கமும் திருப்பி நிறுத்தினார். ஒரு கையை இருக்கையின் மேல் போட்டு, உடம்பை முறுக்கி, பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு மேடேற்றத் தொடங்கினார். கார் ஏறியது. நல்ல வண்டி மாதிரி ஏறியது.

"தலையக் குனிங்க! ரோடு தெரியல!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"கண்ண மூடுங்க! எல்லாரும் கண்ண மூடுங்க!" என்று அதே நேரம் பெரியப்பா கத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காருக்கு முன்கண்ணாடி நிறையத் தோட்டம். ஸ்டோர், கோயில், லயம், பத்தாம் நம்பர் மலை எல்லாம் எங்களைப் பார்த்தபடி மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தது. யாரும் திரும்பவில்லை. திரும்பாமலே எல்லாம் தெரிந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அம்மாவும் குனிந்தாள். பெரியப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சு இழுத்துக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டிருந்தார். பெரியம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானை தோளுக்கு வந்திருந்தது.

"அக்கா, தல!" என்றார் அப்பா.

"இருக்கட்டும் தம்பி. நீங்க ஓட்டுங்க" என்றாள். கண்ணைச் சிமிட்டாமல், உச்சி வளைவு வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வழியில் எதிரே வந்த பஸ் நின்றது. "மாத்தயா, அனித் பெத்தட்ட!" என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்தினார். மறுபக்கமாகத் திருப்பு என்று சொல்கிறார். பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பாவின் காது சிவந்தது. உச்சியில் காரைத் திருப்பி, அந்தப் பக்கப் பள்ளத்தில் எஞ்சினை நம்பாமல் பிரேக்கை மட்டும் நம்பி உருட்டிக்கொண்டு இறங்கினோம். டவுன் சமதரையில் மறுபடி பின்பக்கமாகவே ஸ்டேசன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கோச்சி நின்றுகொண்டிருந்தது.

பிளாட்பாரத்தில் சாவு வீடு மாதிரிச் சத்தம். ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிப்பிடித்து அழுதார்கள். எங்கள் அம்மா அழவில்லை. பெரியம்மாவின் கையை ஜன்னல் கம்பி வழியாகப் பிடித்தவள், கோச்சி நகர்ந்து, கை தானாக இழுபடும் வரை விடவில்லை. பெரியம்மா அப்பாவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

"இதாவது முன்னுக்குப் போகுமா தம்பி?" என்றாள்.

அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. அதுதான் பெரியம்மா எங்களிடம் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவே இல்லை. பாவி மனுஷி, அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச வருஷத்தில் போய்விட்டாள். அக்கா எங்கேயோ இருக்கிறாள் என்று கேள்வி.

திரும்பும்போது அம்மா முன்னால் ஏறவில்லை. பின்னால் என்னோடு, இருக்கையின் நடுவில் உட்கார்ந்தாள். டவுனிலிருந்து உச்சி வரைக்கும் மேடு. அப்பா மறுபடி கையை இருக்கையின் மேல் போட்டு, முறுக்கிக்கொண்டு, எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி ஓட்டத் தொடங்கினார். மழை தூறியது. மேசைக்கு மேல் குனிந்தபடியும் காருக்கு அடியில் படுத்தபடியும் அந்த மழைக்காலத்தை ஓட்டிய மனுஷனுக்கு இப்போது வேறு வழி இல்லை. உச்சி வரைக்கும் அவர் முகம் எங்களைப் பார்த்தே இருக்க வேண்டும்.

"பிளேட்ட அவிச்சிருக்கக் கூடாது" என்று அவராகவே தொடங்கினார். "யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"என்னையக் கேட்டீங்களா?" என்றாள் அம்மா.

"நீ சொன்ன. காருக்குக் காய்ச்சலான்னு சொன்ன. நான்தான்..."

"நான் காரக் கேக்கல. போறதா, இருக்கறதான்னு எழுதிக் குடுத்தீங்களே, அப்ப என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கோபம்கூட இல்லை. அசந்துபோன முகம். பார்வையைத் திருப்புவதற்கு அப்பாவுக்கு இடமில்லை. திருப்பினால் கார் பள்ளத்தில் விழும்.

"கேக்கல" என்றார்.

"ஏன்?"

"கேட்டா நீ போவோம்னு சொல்லியிருப்ப."

அப்பாவின் கண் கலங்கியது. என் அப்பாவின் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கார் கொஞ்சம் ஓரத்துக்குப் போய், சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது.

"ரோட்டப் பாருங்க" என்றாள் அம்மா.

அவர் பார்த்தார். ரோடு அம்மாவுக்குப் பின்னால் இருந்தது.